வெறும் அறையின் சத்தம்

அந்தப் பாட்டில் அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கணவன் செய்யும் பாட்டுகளில் அவள் சத்தம் வருவது புதிதல்ல. தையல் மெஷினின் கடகடப்பு, கத்தரிக்கோல் துணியை நறுக்கும் சரசரப்பு, காலையில் அவள் தொண்டையைச் செருமுவது, "சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவது என எதையும் அவன் விட்டுவைத்ததில்லை. எல்லாவற்றையும் பதிவுசெய்து, லேப்டாப்பில் வெட்டி, இழுத்து, தானே ஈயம் பற்றவைத்துச் செய்த பெட்டியிலிருந்து வரும் ரீங்காரத்தோடு கலந்து இணையத்தில் போடுவான். அவளுக்கு அது மிக்ஸி ஓடுவதுபோல்தான் கேட்கும். அதனால் ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்டதில்லை.

இன்று கேட்டாள். மெஷின் ஓடுகிறது, அதற்கு அடியில், ஒரு பெண் வாயை மூடியபடி ஏதோ ராகம் முணுமுணுக்கிறாள். சந்தேகமே இல்லை, அவள் குரல்தான். மேலே போகும்போது லேசாக உடைகிற அதே குரல்.

ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். தைக்கும்போது அவள் முணுமுணுக்க வழியே இல்லை. வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பாள். துணிக்கடையில் கூட இருப்பவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், உன் வீட்டுக்காரருக்கு நிம்மதி, தைக்கும் நேரமாவது பேச்சு இருக்காது என்று.

அன்று சனிக்கிழமை மத்தியானம். கடையில் அவளுக்கு அரை நாள் லீவு. பேண்டின் நீளத்தை இறக்குவது, இடுப்பைப் பிடித்துத் தைப்பது, பித்தான் மாற்றுவதுதான் அங்கே அவள் வேலை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதென்று சாப்பிட்ட கையோடு கிளம்பிப் போயிருந்தான். போவதற்கு முன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புதுப் பாட்டு போட்டு ஒரு வாரம் ஆகிறதாம், இந்த முறை ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லையாம். அவளுக்குப் பாவமாக இருந்தது. அவன் வருவதற்குள், அவன் பாட்டு போடும் தளத்தில் தானும் ஒரு பெயரில் சேர்ந்து, நாலு நல்ல வார்த்தை எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது.

பெயர் வைப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. ஒருவர் மூணாம்மாடி, ஒருவர் பழையரேடியோ, இன்னொருவர் தவளைக்குஞ்சு. அவள் கணவன் ஒட்டடை. அது அவள் வைத்த பெயர்தான். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமாய், லிஃப்ட் குழியின் தூசியெல்லாம் தலையில் சுமந்துகொண்டு வருவான். அவள் தனக்கு நூல்கண்டு என்று வைத்துக்கொண்டாள். புதியவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் பக்கத்தில் எழுதினாள்: "நான் நூல்கண்டு. தையல் வேலை. மீந்த துணியில் வண்டு, தட்டான், வெட்டுக்கிளியெல்லாம் செய்வேன். இசை ஒன்றும் தெரியாது. ஒட்டடை என்பவரின் பாட்டுக்காக வந்தேன்."

உடனே பதில் வந்தது. தவளைக்குஞ்சு எழுதியிருந்தது: "வாங்க நூல்கண்டு! பூச்சிகளோட போட்டோ போடுங்க. ஒட்டடைகிட்ட மட்டும் கொஞ்சம் பாத்துப் பேசுங்க. பாவம் அந்த மனுஷன். முதல்ல அவரோட அறிமுகத்தைப் படிங்க."

படித்தாள்.

"நான் ஒட்டடை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறேன். வீட்டில் ஸ்டோர் ரூமை ஒழித்து இசை செய்கிறேன். என் பாட்டுகளில் நீங்கள் கேட்பது என் மனைவியின் சத்தங்கள். அவள் இப்போது இல்லை. சத்தங்கள் மட்டும் இருக்கின்றன."

கீழே இரங்கல்கள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. மெழுகுவத்திப் படங்கள், கூப்பிய கைகள். மூணாம்மாடி இரவெல்லாம் அழுதாராம். அவள் இருமல் வரும் இடத்தில் நெஞ்சு அடைத்துக்கொண்டது என்று யாரோ எழுதியிருந்தார்கள். அவள் கண்ணை ஒருமுறையாவது பார்த்திருக்கக் கூடாதா என்று இன்னொருவர். முன்பின் தெரியாத அத்தனை பேர், அவளை நினைத்து நினைத்து உருகியிருந்தார்கள்.

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கோபம். பிறகு இரண்டும் வடிந்து, வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது மட்டும் மிஞ்சியது. சமையலறைக் குழாய் சொட்டவில்லை. ஃப்ரிட்ஜ் தன் இரைச்சலை நிறுத்தியிருந்தது. வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டிப் போட்டிருக்க, நடைவழியின் கோடியில் ஸ்டோர் ரூம் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. அந்த இடுக்கு வழியாக, சத்தம் தடுக்க அவன் சுவரில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சின் புழுங்கிய வாடையும், உருகிய ஈயத்தின் காரமும், அவற்றுக்கு அடியில் கழுத்துமடிப்பு வியர்வைபோல் வேறொரு வாடையும் வந்தன. அது அவளுக்குப் பழக்கமான வாடைதான். கழற்றிப் போட்ட தன் ரவிக்கையை மறுநாள் எடுக்கும்போது வருகிற வாடை.

எழுந்து போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள். திரும்ப வந்து, மனம் கேளாமல், மறுபடி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

பாட்டின் கடைசியில் முணுமுணுப்பு நின்றது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மூச்சு. கதவில் காதை வைத்து ஒட்டுக்கேட்பவர்கள் விடுகிற, அடக்கிய மூச்சு.

கணவன் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. டூல்பேக்கை அவன் தரையில் வைப்பதற்குள் அவள் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

"நான் எப்பங்க செத்தேன்?"

அவன் பார்த்தான். தலையிலிருந்து தூசி உதிர்ந்து மேஜைமேல் விழுந்தது.

"நானே சொல்லணும்னு நெனச்சேன்."

"எப்ப? கருமாதி முடிஞ்சப்புறமா?"

"கத்தாத. உக்காரு." நாற்காலியின் நுனியில் தானும் உட்கார்ந்தான். "ரெண்டு வருஷமா பாட்டு போட்டேன். ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. அங்க எல்லாருமே ஏதாவது கதை விடுவாங்க. ஒருத்தன் கப்பல் கேப்டன்ம்பான், இன்னொருத்தன் கண்ணு தெரியாதும்பான். நானும் ஒரு நாள் அப்படி எழுதிட்டேன். அப்புறம்தான்..." குரல் தாழ்ந்தது. "நீ செத்ததுக்கு அப்புறம்தான் என் பாட்டை கேக்க ஆரம்பிச்சாங்க."

அவன் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவள் கோபம் தணிந்தது. திருடி மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடத்துப் பையன் முகம்.

"அழிச்சிடுங்க. இப்பவே."

"அழிச்சிடறேன்."

"அந்த முணுமுணுப்பு எங்க பதிவு பண்ணீங்க? தைக்கிறப்ப நான் வாயே தெறக்க மாட்டேன்."

அவன் கை லேப்டாப்பின்மேல் அப்படியே நின்றது.

"அது நான் பதிவு பண்ணது இல்ல."

"பின்ன?"

"பாட்டு பண்றதுக்கு முன்னாடி வெறும் அறையைக் கொஞ்ச நேரம் பதிவு பண்ணுவேன். உள்ள ஆளே இருக்கக் கூடாது. அறைக்குன்னு ஒரு இரைச்சல் இருக்கும், அதைக் கண்டுபிடிச்சுப் பாட்டுலேர்ந்து கழிக்கணும்." ஸ்டோர் ரூம் கதவைப் பார்த்தான். "அந்த அறிமுகம் எழுதின பிறகு, வெறும் அறைப் பதிவுல நீ வர ஆரம்பிச்ச. மொதல்ல துணி உரசற மாதிரி. அப்புறம் இருமல். நீ கடைக்குப் போயிருப்ப. வீடு பூட்டியிருக்கும். நான் அறைக்கு வெளிய, இங்க ஹால்ல நிப்பேன்."

"ஏதாவது உளறாதீங்க."

"சத்தியமா."

"தெரிஞ்சும் அதைப் பாட்டுல சேத்தீங்களா?"

அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "நல்லா இருந்துது."

இப்போதே பதிவுசெய்யுங்கள், என் கண்ணெதிரே செய்யுங்கள் என்றாள். பொய்யென்றால் இன்றோடு தெரிந்துவிடட்டும். அவன் வேண்டாமென்றான், கெஞ்சினான், கடைசியில் மைக்கின் வயரைக் கதவுக்கு அடியில் விட்டு, ஹாலில் இருந்த லேப்டாப்பில் சொருகினான். ஸ்டோர் ரூமுக்குள் விளக்கைப் போட்டு இருவரும் பார்த்தார்கள். நாலு சுவரிலும் முட்டை அட்டைபோல் மேடுபள்ளமான கறுப்பு ஸ்பாஞ்ச். கால் அமிழும் கம்பளம். ஒரு ஸ்டூல், மைக், குமிழ்கள் வைத்த பெட்டி. காதுக்குள் விரலை விட்டதுபோன்ற அமைதி. அதில் தன் ரத்தம் ஓடுவதே அவளுக்குக் கேட்டது. ஜன்னல் கிடையாது. ஒளிய இடம் கிடையாது. விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை அவளே போட்டாள்.

ஹாலில் நின்றார்கள். திரையில் ஒரு பச்சைக் கோடு நேராக ஓடியது. கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் முக்கியது. மேல்வீட்டில் நாற்காலி இழுபட்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கோடு அசையவில்லை.

பிறகு அசைந்தது. மெல்ல. புல் நுனிபோல்.

"நிறுத்திடவா?" என்றான் ரகசியமாக.

"வேணாம்."

கோடு எழுந்தது, தணிந்தது, எழுந்தது. யாரோ பேசும்போது எழுந்து தணிவதுபோல். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் அவன் பதிவை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டான்.

இரைச்சல். கம்பளத்தில் பாதம் வைக்கும் ஓசை. ஸ்டூல் ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு அவள் குரல். மேலே போகும்போது உடைகிற குரல். கூச்சத்தோடு.

"எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க புதுசு. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எல்லாரும் எனக்காக அழுதீங்க. ரொம்ப நன்றி. நீங்க அழ அழத்தான் எனக்கு உடம்பு கொஞ்சம் கொஞ்சமா வந்துது. மொதல்ல கை. அப்புறம் தொண்டை. தையல் தெரியும். மீந்த துணியில பூச்சி செய்வேன். வீட்டுக்காரர் தங்கமானவர். ஒரு நாள் விடாம என்னை உக்காந்து கேப்பார்."

ஒரு சின்னச் சிரிப்பு. அவள் சிரிப்பு.

"ஒரே ஒரு கஷ்டந்தான். நான் போனப்புறம் இந்த வீட்ல எவளோ ஒருத்தி இருக்கா. பாக்க அச்சு அசல் என்னை மாதிரியே இருக்கா. என் துணியைப் போட்டுக்கறா. என் இடத்துல படுக்கறா. இப்பக்கூட கதவுக்கு வெளிய நிக்கறா. அவருக்குத் தெரியல. யாராவது அவர்கிட்ட சொல்லுங்களேன்."

பதிவு முடிந்தது.

அவள் பிடியிலிருந்து கணவன் கையை உருவிக்கொண்டான். வெடுக்கென்று அல்ல. அந்நியப் பெண்ணிடமிருந்து உருவிக்கொள்வதுபோல், மரியாதையாக. அவன் கன்னத்தில் கண்ணீர் இறங்கி, தூசியில் கோடு போட்டிருந்தது.

"என்னங்க," என்றாள்.

"நீ என் பாட்டைக் கேட்டதே இல்லியே."

"இன்னிக்குக் கேட்டேனே. நீங்க வருத்தமா இருந்தீங்கன்னு..."

"அதான். இத்தனை வருஷம் இல்லாம, இன்னிக்கு ஏன் கேட்ட?"

"ஏய் ஒட்டடை. என்னைப் பாருங்க. நான்தான்."

பார்த்தான். தலையிலிருந்து கால்வரை. புதுச் சாவியைப் பழைய சாவியோடு வைத்துப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு ஓரடி பின்னால் நகர்ந்தான். இன்னொரு அடி.

"வேண்டாங்க. அந்தக் கதவு கிட்ட போகாதீங்க."

அவன் போனான். அவள் காலை எடுத்து வைக்கப் பார்த்தாள். வரவில்லை. கத்தப் பார்த்தாள். தொண்டையில் காற்று மட்டும்.

தாழ்ப்பாள் விலகியது.

உள்ளே இருட்டு. ஸ்பாஞ்சின் வாடை. ரவிக்கை வாடை.

ஸ்டூல் காலியாக இருந்தது. ஹாலின் வெளிச்சத்தில் அது நன்றாகத் தெரிந்தது.

"வாம்மா," என்றான் அவன், பல நாளாக அவளிடம் பேசியிராத ஒரு குரலில். வழிவிட்டு ஒதுங்கி நின்று, வலது கையை நீட்டினான்.

எதுவும் வரவில்லை. எதுவும் இல்லை.

அவன் சட்டைக் கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, துணி மெதுவாக உள்வாங்கியது. ஒரு பக்கம் நான்கு மடிப்பு. மறு பக்கம், கட்டை விரல் பதிகிற இடத்தில், ஒன்று.