அப்பாவுக்கு ஒரு வலைத்தூளி

தனக்கொடியின் அப்பா செல்லப்பன் தூக்கத்தில் உருள்வார். சும்மா புரண்டு படுப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். உருண்டே போய்விடுவார்! இரவு கதவோரம் பாயில் படுப்பவர், விடியும்போது அடுப்பங்கரையில் கிடப்பார். அம்மா காசம்மாள் தினமும் அவரைத் தாண்டிப் போய்த்தான் அடுப்பு மூட்டுவாள்.

வீட்டில் எப்படி உருண்டால் என்ன? தரைதானே. வம்பு வந்தது மரத்தில்.

அது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம். அவர்கள் ஊரான கரையாம்புத்தூரில் வயல்களைத் தாண்டினால் இங்கிலீஷ்காரர் சீமை. மார்கழியில் கரும்பு இனிக்கத் தொடங்கியதும், அந்தச் சீமை நரிகள் இந்தச் சீமைக்கு வந்து கரும்பைக் கடித்துத் துப்பிவிட்டுப் போகும். நரிக்கு ஏது எல்லை?

அதனால் கரும்புத் தோட்டத்துச் சொந்தக்காரர் சாமிக்கண்ணு, கரும்பு வெட்டு முடியும்வரை இரவுக் காவலுக்கு அப்பாவை வைத்தார். தோட்டத்து ஓரப் புளியமரத்தில் பலகை போட்டுப் பரண் கட்டியிருந்தது. மரத்தடியில் நாய் குரைத்தால் எழுந்து தகரத்தைத் தட்ட வேண்டும். மற்ற நேரம் தூங்கலாம்.

முதல் நாள் காலையில் அப்பா முழங்கை சிராய்த்து வந்தார். தலைமுடியெல்லாம் சோகை என்னும் காய்ந்த கரும்பு இலை.

"இன்னாப்பா ஆச்சு?" என்றாள் தனக்கொடி.

"ஒண்ணுமில்லடி. மரத்துலேர்ந்து எறங்கினேன்."

"ஏணியிலயா?"

அப்பா தலையைச் சொறிந்தார். "ஏணி வரைக்கும் போவல. அதுக்குள்ள எறங்கிட்டேன்."

அம்மா ஓடி வந்தாள். "ஐயோ! விழுந்துட்டியா?"

"கீழ சோகை குமிச்சிருந்தாங்க. மெத்தை மாதிரி இருந்துச்சு."

"அந்தச் சோகையை இன்னிக்கு வண்டியில ஏத்தறாங்கப்பா," என்றாள் தனக்கொடி. "கூரை வேய."

சோகை போய்விட்டால் மரத்தடியில் வெறும் கட்டாந்தரைதான்.

அம்மா கயிற்றை எடுத்து வந்தாள். "இடுப்புல கட்டிக்கிட்டுத் தூங்கு. எங்க, இப்பவே தூங்கு, பாக்கலாம்."

அப்பா படுத்தார். குறட்டை வந்தது. ஒரு உருளல், இரண்டு உருளல். கயிறு சுற்றிக்கொண்டது.

"அவுத்து வுடுடி! வயிறு அறுந்துடும் போலக்குது!" என்று கத்திக்கொண்டே எழுந்தார். "வாணாம். நான் ராவெல்லாம் முழிச்சே இருந்துடறேன்." சொல்லி முடிப்பதற்குள் பெரிய கொட்டாவி வந்தது.

தனக்கொடிக்கு அழுகை முட்டியது. அப்பா இல்லாமல் அவளுக்கு ஒரு நாள் போகாது. அழுகையை அடக்கிக்கொண்டு தம்பிப் பாப்பாவின் தூளியை ஆட்டினாள். பாப்பாவும் அப்பா மாதிரிதான், ஓயாமல் உருளும். ஆனால் தூளியிலிருந்து விழுந்ததே இல்லை. எந்தப் பக்கம் உருண்டாலும் துணி மேலே எழும்பி, நடுவிலேயே தள்ளிவிடுகிறது.

"அப்பா! நீ தூளியில தூங்கு!"

"இன்னாது?" அப்பா மீசையைத் தடவினார். "மீசை வச்சவன் தூளியில தூங்கறதா? ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும்பா. நீ விழுந்தா நான் அழுவேன்."

"சரி, கட்டுடி," என்றார் அப்பா.

அம்மாவின் பழைய புடவையைத் தனக்கொடி உத்தரத்தில் கட்டச் சொன்னாள், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில். அதில் முதலில் நெல் மூட்டையை வைக்கச் சொன்னாள். 'டர்ர்ர்!' மூட்டை தரையில் உட்கார்ந்தது.

"என் புடவை!" என்றாள் அம்மா.

"நல்லவேளை, நான் ஏறல," என்றார் அப்பா.

தனக்கொடி கொல்லைக்கு ஓடினாள். அங்கே கோழிக்குஞ்சுகளைப் பருந்து தூக்காமல் இருக்க ஒரு பழைய வலை கட்டியிருந்தது. வீராம்பட்டினத்திலிருந்து கருவாடு விற்க வரும் அமிர்தம் அக்கா கொடுத்தது. பெரிய மீனையே இழுத்த கெட்டி வலை. அதை அவிழ்த்தாள். கிழிந்த புடவை குஞ்சுகளுக்குக் கூரையாகிவிட்டது.

வலையை இரண்டாக மடித்துக் கட்டினார்கள். மூட்டை ஏறியது. வலை தாங்கியது. மூட்டை மேல் தனக்கொடி ஏறினாள். அப்போதும் தாங்கியது. பிறகுதான் அப்பாவை ஏறவிட்டாள். இந்தப் பக்கம் உருண்டார், அந்தப் பக்கம் உருண்டார். நடுவிலேயே கிடந்தார்.

சாயங்காலம் பரணுக்கு மேலே இரண்டு தடித்த கிளைகளுக்கு நடுவில் அப்பா வலையைக் கட்டினார். ஒவ்வொரு முடிச்சையும் தனக்கொடி தொங்கிப் பார்த்தாள். "இருட்டினப்புறம் ஏறிக்கறேன்," என்றார் அப்பா. வெட்கம்தான்!

அன்றிரவு தனக்கொடிக்குத் தூக்கமே இல்லை. விடிந்ததும் விடியாததுமாகப் புளியமரத்துக்கு ஓடினாள். வலைக்குள்ளிருந்து குறட்டை வந்துகொண்டிருந்தது.

"அப்பா!"

அப்பா எட்டிப் பார்த்தார். கன்னம் முழுக்க வலைக்கண் அச்சு.

"விழலடி!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "ஆனா முதுகுக்குக் கீழ ஒரே குளிரு. பனிக்காத்து அடியில பூந்து அடிக்குது."

மேலே போர்த்த அப்பாவுக்குக் கம்பளி இருந்தது. அடியில்தான் ஒன்றுமில்லை. தனக்கொடி ஒரு கோணிப்பைக்குள் வைக்கோலை நிரப்பி, வாயைத் தைத்து, வலைக்குள் போட்டாள். அதன்பிறகு அப்பாவை எழுப்ப நாய் இரண்டு மடங்கு குரைக்க வேண்டியிருந்தது!

ஊர் சிரித்ததா? சிரித்தது. சாமிக்கண்ணுவும் வந்து பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்க, கொஞ்சம் எறங்குடா செல்லப்பா," என்று தானும் ஏறிப் படுத்தார். உச்சிவெயில் முகத்தில் சுட்ட பிறகுதான் இறங்கினார். அதற்குப்பின் அப்பா வெளிச்சத்திலேயே ஏறிப் படுக்க ஆரம்பித்தார்.

கடைசிக் கரும்பும் வெட்டியாயிற்று. வலை மறுபடி கோழிக்குஞ்சுகளுக்குப் போனது. அப்பா வீட்டில் கதவோரம் பாய் விரித்துப் படுத்தார்.

மறுநாள் விடியற்காலையில் தனக்கொடி கண் விழித்தாள். கதவோரம் பாய் காலியாக இருந்தது. அடுப்பங்கரையில், சாம்பல் ஒட்டிய மூக்கோடு, அப்பா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் கம்பளியை இழுத்து அவருக்குப் போர்த்திவிட்டு, காதோரம் மெதுவாகச் சொன்னாள்: "இப்போ உருளுப்பா. எவ்ளோ தூரம் வேணும்னாலும் உருளு."