குண்டுமணிக்குப் போர்த்திய துண்டு

அந்த நீலச் சட்டைக்காரி மேல் யுவராணிக்குக் காலையிலிருந்தே சந்தேகம்.

தேனியில் மாணவர்களுக்கான ரோபோ போட்டி. களத்தில் கிடக்கும் பந்துகளை ரோபோ பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். சுருளிப்பட்டி அணியின் ரோபோவுக்குக் குண்டுமணி என்று பெயர். அதை ஓட்டுவது திலீபன். யுவராணிக்கு வேறு வேலை: வேவு பார்ப்பது.

தப்பாக நினைக்க வேண்டாம். இது எல்லா அணியும் செய்கிற வேவுதான். முதல் நான்கு இடம் பிடிக்கும் அணிகள் மதியம் ஆளுக்கொரு கூட்டாளி அணியைக் கூப்பிடும். இறுதிச் சுற்றில் இரண்டு ரோபோக்கள் ஜோடியாகத்தான் ஆட வேண்டும். அதனால் எந்த ரோபோ எத்தனை பந்து போடுகிறது, எங்கே மக்கர் செய்கிறது என்று எல்லாரும் எல்லாரையும் பார்த்து எழுதி வைப்பார்கள்.

யுவராணி இதற்கென ஒரு படையே அமைத்திருந்தாள். படை என்றால் மூன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். ஆளுக்கொரு தாள், ஒரு பென்சில். அதில் சுருளியாண்டி மட்டும் பாதி நேரம் முறுக்கைத்தான் வேவு பார்த்தான்.

குண்டுமணி இப்போது ஐந்தாம் இடம். இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி. நான்குக்குள் வராவிட்டால், யாராவது கூட்டுக்குக் கூப்பிட வேண்டும். யாரும் கூப்பிடாவிட்டால் நான்கு மணி பஸ்.

"திலீபா, அந்த நீலச் சட்ட, சின்னமனூர்ப் பிள்ள, நம்ம பக்கமே பாக்குது. இது மூணாவது தடவ" என்றாள் யுவராணி.

"பாக்கட்டும். பாத்தா தேஞ்சா போகும்?"

"நம்ம ரோபோவோட கை எப்படின்னு எழுதிட்டுப் போயி, அதே மாதிரி செஞ்சுட்டாகன்னா?"

"எப்ப? சாப்பாட்டு நேரத்துலயா?"

யுவராணி அவன் தோளில் கிடந்த துண்டை உருவிக் குண்டுமணியைத் தலையோடு போர்த்தினாள். காய்ச்சல்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது குண்டுமணி.

நீலச் சட்டைக்காரி நோட்டோடு நேரேயே வந்துவிட்டாள்.

"எம்பேரு திரிஷா. உங்க ரோபோ எத்தன பந்து போடும்?"

"சில சமயம் மூணு. சில சமயம் நூறு."

"இடப்பக்கம் திரும்பும்போது திணறுச்சே?"

"அதெல்லாம் கிடையாது."

திரிஷா துண்டைப் பார்த்தாள். யுவராணியைப் பார்த்தாள். நிறைய எழுதினாள்.

"என்ன எழுதுற?"

"ஒண்ணுமில்ல." நோட்டு பட்டென்று மூடிக்கொண்டது.

'ஒன்றுமில்லாததற்கா அரைப் பக்கம்?' என்று யுவராணியின் சந்தேகம் இன்னும் பெருத்தது.

கடைசி ஆட்டத்தில் குண்டுமணி இடப்பக்கம் திரும்பியது. செயின் நழுவி, நின்ற இடத்திலேயே நின்றது. ஆறாம் இடம். சின்னமனூருக்கு முதலிடம்.

களத்திலிருந்து தூக்கி வந்ததும் யுவராணி அதைத் திரும்பவும் போர்த்தினாள். சுருளியாண்டி தாள்களை நீட்டினான். மேலே இருந்தது, வேறோர் அணியைப் பற்றிக் காலையில் யுவராணியே எழுதியது.

'அட்டையை வைத்து மறைக்கிறார்கள். கேட்டால் மழுப்புகிறார்கள். நம்ப முடியாது. கூட்டு வேண்டாம்.'

படித்தாள். துண்டுக்குள் இருந்த குண்டுமணியைப் பார்த்தாள். திரும்பவும் படித்தாள்.

துண்டை இழுத்துத் தூக்கிப் போட்டுவிட்டு, தாள்களோடு திரிஷாவிடம் ஓடினாள்.

"காலையில நான் சொன்னது பொய்யி."

"தெரியும். ஆட்டத்துல எண்ணிக்கிட்டுத்தான இருந்தேன்."

"ஆறு பந்து போடும். வலப்பக்கம் அருமையாப் போகும். இடப்பக்கம் திரும்பினா செயின் நழுவும். வேணும்னா வந்து பாரு, எல்லாத்தையும் காட்டுறேன்."

திரிஷா கண்ணைச் சுருக்கினாள். "இப்ப மட்டும் ஏன் உண்மையச் சொல்ற?"

"உன் நோட்டுல என்ன எழுதியிருப்பன்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சு."

திரிஷா நோட்டைத் திறந்து காட்டினாள். 'சுருளிப்பட்டி: ஆறு பந்து. துண்டு போட்டு மூடுகிறார்கள். அந்தப் பிள்ளை புளுகுகிறது. வேண்டாம்.'

"அந்தப் பிள்ளைன்னா நானா?"

"பின்ன, குண்டுமணியா?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரிஷா குரலைத் தாழ்த்தினாள். "எங்களுக்கும் ஒரு கோளாறு இருக்கு. யாருக்கும் தெரியாது. எங்க ரோபோ வலப்பக்கம்…"

"வலப்பக்கம் வராது. சுருளியாண்டி எழுதிட்டான்."

யுவராணி காட்டிய தாளில் அது தெளிவாக இருந்தது. கூடவே கொஞ்சம் முறுக்குத் தூளும்.

"அப்ப வலப்பக்கம் நீங்க, இடப்பக்கம் நாங்க" என்று மெல்லச் சொன்ன திரிஷா, 'வேண்டாம்' என்பதை அடித்தாள்.

இரண்டு மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. "முதலிடம், சின்னமனூர்! அவர்கள் அழைக்கும் கூட்டாளி… சுருளிப்பட்டி!"

திலீபன் போட்ட கூச்சலில் சுருளியாண்டியின் முறுக்கு கீழே விழுந்தது.

இறுதிச் சுற்றுக்குத் தயாரானபோது, தூணுக்குப் பின்னால் ஒரு பொடியன் குண்டுமணியை எட்டி எட்டிப் பார்த்து எழுதினான். திலீபன் பதறிப்போய்த் துண்டை எடுத்தான். யுவராணி அதை வாங்கி அவன் தோளிலேயே போட்டாள்.

"ஏலே தம்பி, அங்கன நின்னா ஒண்ணும் தெரியாது. இங்கன வந்து பாரு!"