ஒரு கைப்பிடி மிச்சம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கு பேர். ஹீட்டருக்கு முதுகைக் கொடுத்தபடி மேஜையின் தலைப்பக்கம் சேதுராமன். அவருக்கு வலப்புறம், அவருடன் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் சேஷாத்ரி. அடுத்து சேஷாத்ரியின் மனைவி பாமா. சமையலறை வாசலை ஒட்டிய நாற்காலியில் சியாமளா, சேதுராமனின் இரண்டாவது மனைவி.

அந்த நாற்காலியைச் சியாமளா விட்டுக்கொடுத்ததே இல்லை. கும்பகோணத்தில் பெண் பார்க்க வந்தபோது அவள் அப்பா மாப்பிள்ளையிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "என் பொண்ணை உங்களோட சரிசமமா உட்கார வெச்சுச் சாப்பிடுவேளா?" சேதுராமன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவள் மியூனிக்குக்கு வந்தது முதல் அப்பாவின் ஒவ்வொரு கடிதமும் ஒரே வரியில்தான் முடிகிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று தடை போட்டிருந்த டிசம்பர் அது. விருந்தாளிகள் டிராமில் வந்திருந்தார்கள். மூன்றாம் மாடி ஜன்னலுக்குக் கீழே மியூனிக் தெரு பனியில் மூடிக் கிடந்தது. சக்கரச் சத்தம் இல்லாத அந்த அமைதியில் சாம்பார் கரண்டி பாத்திரத்தின் அடியைச் சுரண்டுவதுகூடப் பெரிதாகக் கேட்டது. சேஷாத்ரி மூன்றாம் தடவை சாதம் கேட்டார். பாத்திரம் காலியானது.

சேதுராமனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாப்பிட்டு முடிக்கையில் ஒரு கைப்பிடி சாதத்தைப் புறங்கையால் ஒதுக்கி, தட்டின் ஓரத்தில் கட்டிவைத்தாற்போல் வைத்துவிட்டு எழுந்துபோவார். வயிறு நிறைந்ததால் விட்டது அல்ல அது. யாருக்காக வைப்பது என்று சியாமளாவுக்குத் தெரியும். அவள் பாட்டி காலத்தோடு போயிற்று என்று அவள் நினைத்திருந்த வழக்கம். புருஷன் சாப்பிட்ட தட்டில், புருஷன் விட்டதை, பெண்டாட்டி சாப்பிடுவது. அவள் சாப்பிடவில்லை. குப்பையில் கொட்டவும் கை வரவில்லை, அன்னமாயிற்றே. அதனால் கோடையில் வந்திறங்கிய நாள் முதல், அவர் பார்க்கும்படியாகவே, தட்டைச் சாதத்தோடு எடுத்துப்போய்ப் பாத்திரம் கழுவும் மெஷினுக்குள் செருகிவிடுவாள். அவரும் ஒன்றும் சொல்வதில்லை. வார்த்தையே இல்லாமல் இருவரும் போட்டுவந்த சண்டை அது. அதில் மெஷின் தன் பக்கம் என்று நினைத்திருந்தாள்.

அன்று சாதம் போதாததால் சேதுராமன் தட்டை வழித்துச் சாப்பிட்டிருந்தார். மிச்சமே இல்லை.

மெஷினை ஓடவிட்டுக் காப்பி போட்டாள். இந்தப் பெட்டி நாலு தட்டைக் கழுவுவதற்குள் நம் ஊர் வேலைக்காரி நாலு வீட்டை முடித்து வெற்றிலையும் போட்டிருப்பாள் என்று கூடத்திலிருந்து சேஷாத்ரி கேலி செய்தார். சிரிப்பு அடங்குவதற்குள் மெஷின் ஒருமுறை முனகியது. நின்றது.

கதவைக் கீழே இறக்கிப் பார்த்தாள். அடியில் தண்ணீர் வடியாமல் நின்றிருந்தது. சாம்பார் தட்டுகளைக் கழுவிய தண்ணீர் மஞ்சளாக, எண்ணெய் மிதந்து, சோப்பு வாசனையோடு இருக்க வேண்டும். இது குடத்தில் பிடித்துவைத்த குடிதண்ணீர் மாதிரித் தெளிந்திருந்தது. மேலே தட்டுகள் நான்கும் காய்ந்திருந்தன; ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை. ஆனால் ஒரு பருக்கை இல்லை. வழித்த எண்ணெயில் விரல் தடங்கள், ஒன்றையொட்டி ஒன்றாக. ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் கறிவேப்பிலையும் காய்ந்த மிளகாயும் ஒழுங்காக ஒதுக்கப்பட்டிருந்தன.

அப்படி ஒதுக்கியது யார் என்று கேட்கத் திரும்பியவள், பின்னால் பாமா நிற்பதைக் கண்டாள். பாமா தட்டுகளைப் பார்க்கவில்லை. மெஷின் நிற்கும் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை இங்கயா வெச்சார் அவர்?"

"ஏன் மாமி?"

பாமா கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வைதேகி இங்கதான் உட்காந்துப்பா. நாங்க எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம், அவர் தட்டை எடுத்துண்டு வந்து, இந்த மூலையில, சுவத்தைப் பாத்துண்டு."

வைதேகி முதல் மனைவி. அனீமியாவில் போய்விட்டாள் என்று மட்டுமே சியாமளாவிடம் சொல்லியிருந்தார்கள். மீதியைப் பாமா துண்டு துண்டாகச் சொன்னாள். ஏதோ ஒரு கோபத்தில் சேதுராமன், நான் விட்டதுதான் உனக்கு என்று சொன்னாராம். அதற்கப்புறம் அவள் வேறெதையும் தொடவில்லை. அவரும் தொடு என்று சொல்லவில்லை. விருந்து நாட்களில் மிச்சம் வைக்க மறந்துபோவாராம்.

"ஃப்ரிட்ஜ் இருந்ததே மாமி."

"இருந்தது. நிறைய இருந்தது." பாமா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு போறச்சே அவ வளையல் முழங்கைக்கு மேல ஏறிக் கிடந்துதுடி."

காரியமெல்லாம் முடிந்த பிறகு, பாத்திரம் தேய்க்க ஆளில்லையே என்று சேதுராமன் இந்த மெஷினை வாங்கினார். சமையலறையில் அது பொருந்துகிற இடம் அந்த மூலை ஒன்றுதான்.

பழுது பார்க்கிறவன் கிறிஸ்துமஸ் கழிந்துதான் வருவேன் என்று சொல்லிவிட்டான். சேதுராமன் டெலிபோனை வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்தபடி, வெகு சாதாரணமாகச் சொன்னார்: "அதுவரைக்கும் எதுக்கு ரெண்டு தட்டு? கையால தேய்க்கணும்னா உனக்குத்தானே சிரமம். ஒண்ணு போதுமே."

சியாமளா தன் தட்டைத் தானே தேய்த்து, அவருக்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். அவர் ஒதுக்கிய கைப்பிடியைக் கிண்ணத்தில் போட்டு ஃப்ரிட்ஜில் மூடிவைத்தாள். கிண்ணங்கள் சேர்ந்தன. பொழுது சாய்ந்தால் மூலையிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. காலித் தட்டை நகம் வழிக்கிற சத்தம். அது நிற்கும், யோசிக்கிறாற்போல் இருக்கும், மறுபடி வழிக்கும். பக்கத்து அறையில் பேப்பர் படிக்கும் சேதுராமன் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்கவில்லையா, கேட்டுப் பழகிவிட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் பயமாக இருந்தது.

மெஷின் ஓடினால் இதெல்லாம் நின்றுவிடும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிசிக்ஸ் படித்தவள். பம்பு, குழாய், மோட்டார், இவ்வளவுதானே. அது ஓடினால் சத்தம் நிற்கும். ஒரு தட்டுப் பேச்சும் நிற்கும்.

வியாழக்கிழமை அவர் ஆய்வுக்கூடத்துக்குப் போன பிறகு, மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மெஷினோடு வந்த புத்தகத்தை ஜெர்மன் அகராதியோடு விரித்துவைத்தாள். தண்ணீர் வடியாவிட்டால் என்ன செய்வது என்று வரிசையாகப் போட்டிருந்தது. வரிசைப்படியே போனாள். பிளக்கைப் பிடுங்கினாள். குழாயை மூடினாள். நின்ற தண்ணீரை டம்ளரால் மொண்டு வாளியில் ஊற்றினாள். பல நாள் தேங்கியும் நாற்றமில்லை, சில்லென்று, கிணற்றுத் தண்ணீர் வாசனை. வெளியேற்றும் ரப்பர் குழாய் எங்கும் மடங்கவில்லை. வாயை வைத்து ஊதினாள். காற்று தாராளமாகப் போனது. பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு அடியிலிருக்கும் வளைவுக் குழாயைக் கழற்றினாள். அதில் காப்பித்தூள்தான் இருந்தது. மிச்சமிருந்தது மெஷினின் அடியில் இருக்கும் சல்லடை.

ஜன்னலுக்கு வெளியே அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. இந்த ஊரில் குளிர்காலத்தில் நாலரை மணிக்கே பொழுது போய்விடும். எண்ணெய் சிக்கனத்துக்காகக் கட்டடத்தில் ஹீட்டரைக் குறைத்திருந்தார்கள். தரைக்கல்லின் குளிர் முழங்கால் வழியாக ஏறியது. விளக்கைப் போட எழுந்திருக்க நினைத்தாள். இதை முடித்துவிடலாம் என்று குனிந்தாள்.

சல்லடையைத் திருகி எடுத்தாள். கோடை முழுவதும், இலையுதிர்காலம் முழுவதும், தினம் ஒரு கைப்பிடி சாதம் இதற்குள் போயிருக்கிறது. ஒரு தடவைகூட இதைக் கழற்றிச் சுத்தம் செய்ததில்லை. அழுகிய சோறு அடைத்திருக்கும் என்று மூக்கை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

சல்லடை பளபளத்தது. கடையில் புதிதாக வாங்கியது போல. கம்பிக்கு நடுவே ஒரு பருக்கை இல்லை. பருப்புத் தோல் இல்லை. ஒரு கடுகு இல்லை.

கீழே குழி. அதற்குள்தான் பம்பு. சக்கரம் சுழல்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தது புத்தகம்.

கையை விட்டாள். மணிக்கட்டுவரை போயிற்று. இன்னும் கொஞ்சம். சக்கரம் தட்டுப்படவில்லை. அடியும் தட்டுப்படவில்லை. முழங்கைவரை போன பிறகும் அடி வரவில்லை. இந்தப் பெட்டி அவ்வளவு ஆழம் கிடையாது. கீழே இருப்பது தரை.

அப்போது அவள் சுண்டுவிரலை ஏதோ தொட்டது.

வெதுவெதுப்பாக. ஈரமாக. பொறுமையாக.

மத்தியானம் தயிர்சாதம் பிசைந்த கை அது. விரல் விரலாக நக்கியது. இடுக்கு இடுக்காக. நகக்கண்ணில் தங்கியதை முன்பல்லால் மெல்லச் சுரண்டி எடுத்தது. கடிக்கவில்லை. கையை இழுக்க வேண்டும். இழுக்க வரவில்லை. யாரும் பிடித்திருக்கவில்லை. ஆனாலும் வரவில்லை. தீர்ந்ததும்தான் விட்டது.

ஜன்னல் வெளிச்சத்தில் கையைப் பார்த்தாள். சமையலில் நகத்தில் ஏறியிருந்த மஞ்சள் கறைகூட இல்லை. வெளுப்பாக இருந்தது கை. பசித்தவள் கை மாதிரி.

சேதுராமன் வந்தபோது எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அவள் மேஜையில் உட்கார்ந்து அப்பாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா, என்னை, என்று தொடங்கி அதற்கு மேல் எழுத முடியாமல் நிறுத்தியிருந்தாள். அவள் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் சேதுராமன் இரண்டு வரி நமஸ்காரம் சேர்ப்பார். சேர்க்குமுன் மேலே எழுதியதை முழுக்க வாசிப்பார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள். வேறு தாளில் எழுதினாள். பனி நிறைய. உடம்பு சௌக்கியம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். அவர் வாசித்துவிட்டு நமஸ்காரம் சேர்த்தார். சாப்பிட்டார். புறங்கையால் ஒரு கைப்பிடியை ஒதுக்கினார். எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தவர், சமையலறை வாசலில் நின்று பார்த்தார்.

அவள் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போயிருந்தாள். ஃப்ரிட்ஜில் சேர்ந்திருந்த கிண்ணங்களையும் அதில் கவிழ்த்திருந்தாள். உள்ளே இருப்பதற்கு இன்றைக்கு வயிறு நிறைந்தால் இனி வழிக்காது என்று எண்ணம். மெஷினின் கதவை இறக்கி, அதற்கு முன்னால் தரையில் தட்டை வைத்தாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

சேதுராமனின் குரலில் அவள் இதுவரை கேட்டிராத ஒரு கனிவு வந்தது.

"நிதானமா சாப்பிடு. லெட்டரை ஒட்டிக் குடு. நான் போய்ப் போட்டுட்டு வரேன்."

கோட்டை எடுக்கக் கூடத்துக்குப் போனார்.

இருட்டான பெட்டிக்குள்ளிருந்து முதலில் வளையல் சத்தம் வந்தது. எலும்பில் உரசுகிற சத்தம். சாதத்தின் அந்தப் பக்கத்தில் விரல்தடம் விழுந்தது. ஒன்று. இன்னொன்று. அவசரமில்லை. கறிவேப்பிலை ஓரமாகப் போனது. மிளகாய் ஓரமாகப் போனது. குவியல் குறைந்துகொண்டே வந்தது. கையை அவளால் பார்க்க முடியவில்லை. தடத்தை மட்டும் பார்த்தாள்.

பிறகு நின்றது.

கொஞ்சம் சாதம் மீந்திருந்தது. புறங்கையால் ஒதுக்கினாற்போல் அது மெல்ல நகர்ந்தது. தட்டின் இந்தப் பக்கம் வந்தது. அவள் பக்கம். ஓரத்தில் கட்டிவைத்தாற்போல் நின்றது. ஒரு கைப்பிடி.

அவளுக்கென்று.

"ஆச்சா?" என்றார் சேதுராமன் கூடத்திலிருந்து.

இடுப்பில் செருகியிருந்த கடித உறையை எடுத்தாள்; அதன் பசை காய்ந்துபோயிருந்தது. அவள் விரல் தானாக நீண்டு, அந்தக் கைப்பிடியிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து, உறையின் வாயில் நசுக்கித் தேய்த்தது. அழுத்தி ஒட்டினாள். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது. படிகளில் பூட்ஸ் சத்தம் இறங்கிக்கொண்டே போயிற்று.

தெரு முழுக்கப் பனி. வேறு சத்தமே இல்லை. மூன்று மாடிக்குக் கீழே தபால் பெட்டியின் இரும்பு மூடி திறந்து விழுந்தது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

தட்டு ஒரு விரற்கடை அவளை நோக்கி நகர்ந்தது.