துடைப்புச் சூடு

அறைக்குள் நுழைந்ததும் பூங்கோதை முதலில் கவனித்தது, மேசைமேல் இருந்த முகமானிக் கருவி யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத்தான். அவளுக்காகப் போட்டிருந்த நாற்காலியைப் பார்த்துத்தான் இருந்தது. பக்கத்து நாற்காலியில் அவளோடு ஆய்வு செய்த தினகர், கல்யாண வீட்டுக்கு வந்தவனைப் போலச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். இவனை மட்டும் முன்கூட்டியே வரச்சொன்னது யார்?

கோவையில் முகமானி இல்லாத இடம் இப்போது இல்லை. வேலைக்கு ஆள் எடுக்க, சாட்சி சொல்ல, எல்லாவற்றுக்கும் அதுதான். பெண் பார்க்கப் போனால் தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். தத்துவம் எளிது. பதிந்த செய்தி ஒன்றை அழித்தால் துளி வெப்பமாவது வெளியேறியே தீரும். மனத்தில் எழுந்ததை முகத்தில் வரவிடாமல் அழிப்பவனின் தோலிலும் அந்தத் துடைப்புச் சூடு அணுவளவில் கசியும். குவாண்டம் உணரி அதை அளக்கும். அவன் மறைத்த முகத்தைக் கணினி வரைந்து பார்த்துவிடும். சூடு கண்டால் பொய் என்று சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை.

இந்தக் கணக்கு முழுவதும் பூங்கோதையின் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயமாக இருந்தது. ஒன்பது வருட உழைப்பு. பட்டம் வருவதற்கு முன்பே அதை வைத்துக் கருவி செய்து ஊரெல்லாம் விற்றுவிட்டார்கள். வம்பு என்னவென்றால், ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அதே அத்தியாயம் தினகரின் ஆய்வேட்டிலும் இருந்தது. பட்டம் யாருக்கு என்று இன்றைக்கு முடிவாகிவிடும்.

விசாரிக்க வந்த பேராசிரியர் மாசிலாமணி, போன வருடம் முகமானித் தேர்வில் பச்சை வாங்கித் துறைத் தலைவர் பதவிக்கு வந்தவர். கருவியைத் தினகர் பக்கம் திருப்பினார்.

“சொல்லுங்க தம்பி, யார் எழுதினது?”

“நான்தானுங்க ஐயா.”

பச்சை. கருவி அவள் பக்கம் திரும்பியது. ஆத்திரத்தை விழுங்கி, முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு, “நான் எழுதினதுங்க” என்றாள்.

சிவப்பு.

“உங்க கணக்குதானேம்மா சொல்லுது” என்றார் மாசிலாமணி. “கருவி சொல்றது சரின்னா நீங்க திருடி. தப்புன்னா அந்த அத்தியாயமே தப்பு. எதுன்னு சொல்லுங்க.”

வசமாக மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. இருவரும் பேசிவைத்துக்கொண்டார்களா?

“தப்புதானுங்க” என்றாள். “பொய் சொல்லிப் பழகாத நாப்பது முதலாண்டுப் பிள்ளைகளை வச்சு அளவெடுத்தேன். அதுக எல்லாம் கூச்சப்பட்டுதுங்க. கூச்சமே இல்லாதவங்களுக்கு முகத்துல அழிக்கறதுக்கு என்ன இருக்கு? சூடு எப்படி வரும்?”

மாசிலாமணி கருவியை மறுபடி தினகர் பக்கம் திருப்பினார். “ரெண்டு வருசமா இதை வச்சுத்தான் ஊரெல்லாம் ஆளெடுத்திருக்காங்க. தப்புக்கு யார் பொறுப்பு தம்பி?”

“அந்த அத்தியாயம் அவங்க எழுதினதுங்க ஐயா. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க.”

அதற்கும் பச்சை.

அவனை வெளியே அனுப்பிவிட்டு மாசிலாமணி மேசை இழுப்பறையிலிருந்து ஐந்து தாள்களை எடுத்தார். “அத்தியாயம் உங்களோடதுதாம்மா. பட்டமும் உங்களுக்குத்தான். தப்புன்னு இன்னிக்கு இங்க யாரும் எதுவும் சொல்லலை. அஞ்சுலயும் கையெழுத்துப் போட்டிருங்க.”

முகமானி குறையற்றது என்று ஒவ்வொரு தாளிலும் உறுதிமொழி இருந்தது, அவள் பெயரோடு. எப்போது அச்சடித்தார்கள்? கருவியை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள். பச்சை.

ஒன்பது வருடம். பேனாவை எடுத்தாள். கருவியைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு முதல் தாளில் கையெழுத்துப் போட்டாள். சிவப்பு எரிந்தது. அப்பாடா என்றிருந்தது. இரண்டாம் தாளிலும் சிவப்பு. மூன்றில் விளக்கு கொஞ்சம் தயங்கி எரிந்தது.

ஐந்தாம் தாளில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது பச்சை எரிந்துகொண்டிருந்தது.