பட்டாணி இல்லாத கிண்ணம்

நவம்பர் முதல் தேதி காலை ஒன்பது மணிக்கு பசீலியா போமா வந்து சேர்ந்தபோது இறந்தவர்கள் வீடு திரும்பும் திருநாள் விடுமுறைக்கு நீதிமன்றம் பூட்டிக் கிடந்தது. எதிர் நடைபாதையில் டிக்கோனா மட்டும் தட்டச்சுப் பொறியோடு உட்கார்ந்திருந்தார். போலீஸில் முப்பது வருடம் துப்புத் துலக்கி ஓய்வு பெற்றவர். இப்போது ஊராருக்கு மனு அடித்துக் கொடுக்கிறார். பக்கத்தில் சூடாகச் சோளக் கஞ்சி விற்கும் நியேவெஸ், அவரிடம் வருகிற வழக்கையெல்லாம் தன் வழக்காகவே எடுத்துக்கொள்பவள்.

பசீலியா முதுகுத் துணியில் எதையோ குழந்தையைப் போலக் கட்டியிருந்தாள்.

“அய்யா, பன்னெண்டு மணிக்குள்ள எனக்குப் பதில் வேணும். என் மக ஃபெலிசாவுக்குப் படையல் வைக்கணுமா, வேண்டாமா?”

“விவரமாச் சொல்லும்மா.”

“பிப்ரவரியிலிருந்து காணோம். பியூனஸ் அயர்ஸுக்குத் தையல் வேலைக்கு பஸ் ஏறிட்டான்னு மருமகன் ரெமிஹியோ சொல்றான். ஒரு போன் கிடையாது. உசிரோட இருக்கிறவளுக்குப் படைச்சா, நானே அவ சாவைக் கூப்பிட்ட மாதிரி. செத்துப்போயிருந்து நான் படைக்காம விட்டா? பன்னெண்டு மணிக்கு எல்லா ஆத்மாவும் வந்து சாப்பிடும். என் புள்ள மட்டும் பசியோட திரும்பிப் போகும்.”

அவள் அழவில்லை. ஒன்பது மாதத்தில் கண்ணீர் தீர்ந்திருக்கும்.

“என்ன சாப்பிடுவா உங்க மக?” என்று கேட்டார் டிக்கோனா.

“காணாமப் போனவளைத் தேடச் சொன்னா சமையல் விசாரிக்கிறீங்களே அண்ணே!” என்றாள் நியேவெஸ்.

“நிலக்கடலை சூப்புன்னா உசிரு. பட்டாணி மட்டும் ஆகாது, ஒவ்வொண்ணாப் பொறுக்கி ஓரமா வைப்பா. பப்பாளி சோடா இல்லாம அவளுக்குச் சாப்பாடே இறங்காது.”

“வீட்ல எத்தனை ரூம்?”

“ரெண்டு. பின் ரூம்லதான் தையல் மிஷின்.”

மூவரும் கம்பிவட வண்டியில் மேலே ஏறினார்கள். எங்கள் லா பாஸில் எல்லாமே தலைகீழ். காசுள்ளவன் மூச்சு முட்டாத பள்ளத்தில் இருப்பான். இல்லாதவன் மேலே மேலே ஏறிக்கொண்டே இருப்பான். தகரச் சுரங்கங்களை மூடியபோது பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களுக்கு மிஞ்சியது இந்தச் சரிவுகள்தான். ஆறுகளை மூடி மேலே தெருப் போட்டுவிட்டோம். ஆறு மறக்குமா? பெருமழைக்கு ஏதாவது ஒரு சரிவு வீடுகளோடு இறங்கிவிடும். அந்தப் பிப்ரவரியிலும் அப்படித்தான், ரெமிஹியோவின் தெருவில் நான்கு வீடுகள் போயின.

“அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்” என்று பசீலியா தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். மற்ற இருவரும் போனார்கள். அன்றைக்கு யாரும் யார் வீட்டிலும் நுழைந்து இறந்தவருக்காகப் பிரார்த்தனை சொல்லலாம். சொன்னவருக்குச் சாப்பாடு போட்டே ஆக வேண்டும்.

“நேரத்தோட வந்துட்டீங்களே” என்றான் ரெமிஹியோ. ஒல்லியான ஆள். பல நாள் தூங்காத கண்கள்.

மேசையில் அவன் அப்பாவின் படம், இறந்தவரின் சாயலாகச் சுட்டு வைக்கும், மீசை வரைந்த ரொட்டி பொம்மை ஒன்று, பீர், இரண்டு கிண்ணம் சூப். இரண்டாவது கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு கிளாஸ் நிறையப் பப்பாளி சோடா.

“அப்பா எப்படிப் போனார்?”

“சர்க்கரை வியாதிங்க. ஒரு காலையே எடுத்துட்டாங்க. கடைசி ஆறு வருஷம் ஒரு மிட்டாய்கூடத் தொடல.”

பிரார்த்தனை முடிந்ததும் பானையிலிருந்து நியேவெஸுக்கு ஊற்றினான். “பட்டாணிய அள்ளிப் போட்டிருக்கியே தம்பி, தாராளமான கைதான்!” என்று அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.

டிக்கோனா கை கழுவப் பின்பக்கம் போனார். பின் அறை இல்லை. பத்தடியில் முற்றமே முடிந்து பள்ளம் தொடங்கியது. கோழிக்கூட்டின் மேல் ஒரு பழைய கதவு கிடந்தது. அதில் நிலைச்சட்டத்தின் ஒரு துண்டு பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. வெளித் தாழ்ப்பாளில் பூட்டு மட்டும் பூட்டியபடியே இருந்தது.

“பின் ரூம் என்னாச்சு?” திரும்பி வந்து கேட்டார்.

“இடிச்சு செங்கல்ல வித்துட்டேன். பணமுடை.”

டிக்கோனா உட்கார்ந்தார். “ஒரு அப்பாவுக்கு எதுக்கு ரெண்டு கிண்ணம்?”

“அது... வர்றவங்களுக்கு.”

“வர்றவங்களுக்குப் பானையிலிருந்துதான் ஊத்தினே. நியேவெஸ் கிண்ணத்துல பட்டாணி இருக்கு, உங்கப்பா கிண்ணத்துல இருக்கு, இதுல மட்டும் ஒண்ணுகூட இல்ல. ஒரே பானை. யாரோ உக்காந்து பொறுக்கியிருக்காங்க. மிட்டாய் தொடாத மனுஷனுக்கு சோடாவும் வச்சிருக்க மாட்டே. பியூனஸ் அயர்ஸ்ல தைச்சுக்கிட்டு இருக்கிறவளுக்கு இந்த ஊர்ல எவனும் படைக்க மாட்டான், ரெமிஹியோ. செத்துட்டான்னு நிச்சயமாத் தெரிஞ்சவன்தான் படைப்பான்.”

நியேவெஸின் கரண்டி பாதியில் நின்றது. “அடப்பாவி! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாத்தியா?”

“செங்கல்ல விக்கிறவன் பூட்டைத் திறந்துட்டு இடிப்பான்” என்றார் டிக்கோனா, குரலை உயர்த்தாமல். “அந்தப் பூட்டு இன்னும் திறக்கல. சரிவு இறங்கினப்போ அவ உள்ள இருந்தா. நீ வெளியில பூட்டியிருந்தே.”

ரெமிஹியோ தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“சண்டைங்க. கோவத்துல பூட்டிட்டுக் குடிக்கப் போனேன். விடிஞ்சு வந்து பார்த்தா ரூமே இல்ல. பூட்டினது நான்தான்னு எந்த வாயால சொல்லுவேன்? முந்தின நாளே அவ பஸ் ஏறிட்டான்னு சொல்லிட்டேன். எல்லாரையும் ஏமாத்தினேன். அவளைப் பட்டினியா அனுப்ப மட்டும் மனசு வரல. பொண்ணு முகம் வச்ச ரொட்டி வாங்கினா யாருக்குன்னு ரொட்டிக்காரி கேட்பாளேன்னு அதை மட்டும் வாங்கல.”

வாசலில் நிழல் விழுந்தது. பசீலியா எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாளோ தெரியவில்லை.

“அத்தை...” என்றான் ரெமிஹியோ.

அவள் அவனைப் பார்க்கவில்லை. முதுகுத் துணியை அவிழ்த்தாள். உள்ளே ஒரு ரொட்டி பொம்மை, பெண் முகம் வரைந்தது.

“புதன்கிழமையே சுட்டேன்” என்று டிக்கோனாவிடம் சொன்னாள். “இது படையலுக்குத் தேவைப்படாம, நானே சாப்பிட்டுடணும்னுதான் வேண்டிக்கிட்டே இருந்தேன்.”

டிக்கோனா நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு வழியை மறித்து உட்கார்ந்தார். ரெமிஹியோ எழுந்திருக்கவே இல்லை. நியேவெஸ் முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு விம்மினாள்.

பசீலியா பொம்மையைப் பட்டாணி இல்லாத கிண்ணத்தருகே வைத்தாள். சூப்பில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“உப்பு பத்தல” என்று ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள்.

கீழே பள்ளத்தில் கோயில் மணிகள் பன்னிரண்டு அடிக்கத் தொடங்கின. அவள் பின்கதவை அகலத் திறந்து, முற்றம் முடிகிற இடத்தைப் பார்த்து நின்றாள்.

“வாம்மா, ஆறிடப் போகுது.”