கதவோரம் ஒருத்தி

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவளுடைய வலது தோள் வெறுமையாக இருந்தது. பதினோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

ஓவியக் காட்சியகத்தில் பார்வையாளர் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. படங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்க அட்டைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வருகை, காட்சியக வாசலைக் கூட மிதித்திராத அக்கம்பக்கத்து ஜனங்களைப் பேசிப் பேசி உள்ளே அழைத்து வருவது என்று ஆயிரம் வேலை. ஆனால் உயிர் என்னவோ புதன்கிழமையில்தான் இருந்தது. அன்று பார்வையற்ற எட்டுப் பேர் வருவார்கள். முன்னால் நிற்பவரின் தோளில் பின்னால் நிற்பவர் கை வைத்துக்கொள்ள, பிள்ளைகளின் ரயில் விளையாட்டு மாதிரி கூடம் கூடமாகப் போவார்கள். முதல் கை ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியாருடையது. அது எப்போதும் அவள் வலது தோளில் இருக்கும். "கையை வைங்க, என் பின்னாடியே வாங்க" என்பாள். ரயில் கிளம்பிவிடும். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் அவள் சொல்லச் சொல்ல அவர்கள் பார்ப்பார்கள்.

இப்போது அந்தக் கை புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் தோளில் இருந்தது. குழுவே அவளுக்குப் பெயர் வைத்திருந்தது: குயில். கூடு கட்டியது காக்கை, வந்து உட்கார்ந்தது குயில். அந்தக் காக்கைக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்டதில்லை.

"குயில் சொன்னா நேர்லயே பாக்கிற மாதிரி இருக்கு மேடம். நீங்களும் ஒரு நாள் வந்து கேளுங்களேன்" என்றார் வாத்தியார், வெள்ளை மனசோடு. அவள் சிரித்துவைத்தாள். வயிறு பற்றி எரிந்தது.

நாலு மாதம் எரிந்தது. பிறகு ஒரு புதன்கிழமை குயில் காய்ச்சலென்று லீவு போட்டாள்.

ஐந்தாம் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. தரை மெழுகின் வாசனையும், ஏசி ஓயாமல் முனகும் சத்தமும், படத்தின் மேல் மட்டும் விழும் மஞ்சள் வெளிச்சமும்தான் அங்கே எப்போதும். படத்தில் ஓர் அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பின்னால் இருட்டுக்குள் திறந்திருக்கும் கதவு. எட்டுப் பேரும் மடக்கு முக்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"ஆளே இல்லாத ரூமை வெச்சே குயில் எங்களை அழ வெச்சிட்டா" என்றார் வாத்தியார்.

"ஆளே இல்லாத ரூமா?" அவளுடைய வாய் அவளைக் கேட்காமல் பேசியது. "அந்தக் கதவோரம் நிக்கிறவளைப் பத்தி அவ சொல்லவே இல்லையா?"

முக்காலிகள் கிறீச்சிட்டன. எட்டு முகங்களும் அவள் பக்கம் திரும்பின. நாலு மாதத்துக்குப் பிறகு, அவள் பக்கம்.

"பாவம், புதுசு. கவனிச்சிருக்க மாட்டா. மழையில நனைஞ்சு வந்து நிக்கிற மாதிரி ஒருத்தி. தலைமுடியிலேருந்து தண்ணி சொட்டுது. முகம் இருட்டுல இருக்கு."

"என்ன பண்றா?" என்று கேட்டாள், டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்க்கும் பெண்.

"ஒண்ணும் பண்ணலை. யாராவது வான்னு சொல்ல மாட்டாங்களான்னு காத்துக்கிட்டிருக்கா."

அவள் சொன்னதிலேயே ஆகச் சிறந்தது அதுதான். பொய்யாக இருந்தால் என்ன?

அடுத்த வாரம் புகார் இயக்குநர் வரை போனது. கண் தெரியாதவர்கள்தானே என்று குயில் பாதிப் படத்தை விழுங்கிவிட்டாள் என்று குழுவில் சிலர் கொதித்தார்கள். படத்துக்கு முன்னாலேயே பேசிவிடலாம் என்று இயக்குநர் இருவரையும் வரச் சொன்னார். வேறு படத்தோடு குழப்பிக்கொண்டேன் என்று சொல்லித் தப்பிக்க ஒரு சாக்கை மென்றுகொண்டே அவள் எல்லோருக்கும் முன்னால் ஐந்தாம் கூடத்துக்குள் நுழைந்தாள். மெழுகு வாசனை வரவில்லை. துவட்டாமல் முடிந்துவைத்த ஈரத் தலையின் முடை நாற்றம் வந்தது.

கதவோரம் ஒருத்தி நின்றாள்.

சாயம் காய்ந்து, வெடிப்பு விட்டு, நூறு வருடமாக அங்கேயே நிற்பவள் மாதிரி.

"இவ்வளவு பெரிய உருவம், உனக்கு எப்படிம்மா தெரியாமப் போச்சு?" இயக்குநர் குயிலைப் பார்த்துக் கேட்டார்.

குயில் அவள் பக்கம் திரும்பினாள். "சார், சத்தியமா... அக்கா, நீங்க சொல்லுங்க அக்கா. அது காலி ரூம்தானே?"

ஒரு வார்த்தை போதும். அவள் குயிலின் தோளைப் பார்த்தாள். வாத்தியாரின் கை பட்டுப் பட்டுச் சட்டை அங்கே லேசாகக் கசங்கியிருந்தது.

"எனக்குத் தெரிஞ்சு அவ எப்பவும் அங்கதான் நிக்கிறா" என்றாள்.

அன்று சாயங்காலம் தன் அறையில் பழைய பட்டியல் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். அதில் அச்சிட்டிருந்த அந்தப் படத்தில் கதவு காலியாகத்தான் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கைப்பைக்குள் திணித்தாள். குயில் வேலையை விட்டுப் போனாள். புதன்கிழமை திரும்பி வந்தது.

அன்று படத்துக்கு முதுகைக் காட்டி, குழுவைப் பார்த்தபடி ஆரம்பித்தாள். படத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. "கதவோரம் ஒருத்தி..."

"மேடம்" என்றாள் ஆபரேட்டர். "எங்கேயோ தண்ணி சொட்டுது."

ஏசியாக இருக்கும் என்றாள். ஏசி ஓடவில்லை. எப்போது நின்றதென்று தெரியவில்லை. அந்த நிசப்தத்தில் ஒரு சொட்டு. நின்று, இன்னொன்று. அவளுக்கு இடது பக்கம். பிறகு பின்னால்.

திரும்பினாள்.

மேஜை. நாற்காலி. கதவு.

கதவில் யாரும் இல்லை.

படத்துக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. ஈரம் அங்கிருந்து அவள் காலடி வரை வந்திருந்தது.

வெளியே போக வேண்டும். உடனே. எல்லோரையும் கூட்டிக்கொண்டு. வாசலை மட்டும் பார்த்தாள். வேறெங்கும் பார்க்கவில்லை. பதினோரு வருடப் பழக்கம்தான் பேசியது.

"கையை வைங்க. என் பின்னாடியே வாங்க."

வலது தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

அப்பாடா. வாத்தியார். நாலு மாதம் ஏங்கிய பாரம். அந்த நேரத்திலும் அவள் கண் நிறைந்தது. நடந்தாள். ஐந்து அடி. பத்து அடி. ரயில் பின்னால் வந்தது. ஆனால் ஒரே ஒரு ஜோடிக் கால்தான் சத்தம் போட்டது. செருப்பில்லாத கால். சளக். சளக்.

தோளில் துணி நனைந்து குளிர்ந்தது.

தூரத்திலிருந்து, முக்காலிகள் போட்டிருந்த இடத்திலிருந்து, வாத்தியாரின் குரல் கேட்டது.

"மேடம், நாங்க இன்னும் எந்திரிக்கவே இல்லையே. யாரைக் கூட்டிக்கிட்டுப் போறீங்க?"

தோளில் இருந்த விரல்கள் இறுகின. ஈரமான ஒரு கற்றை முடி அவள் காதோரமாகச் சரிந்து, மார்பின்மேல் விழுந்து, சொட்டியது.