கல்லுக்கு வரைந்த முகம்

போட்டோவில் பெர்சி வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான். கல்யாண வீட்டில் எடுத்த படம். பல் தெரியச் சிரிக்கக் கூச்சப்பட்டு உதட்டை இறுக்கியிருந்தான். ஆனால் பெனிஸ்டன் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, சாம்பல் நிறத்தையெல்லாம் நீக்கி, வெறும் கறுப்பு வெள்ளைக் கோடுகளாக மாற்றியபோது, உதடுகளுக்கு நடுவே ஒரு நெல்மணி அளவு கறுப்பு விழுந்திருந்தது.

நிழலாக இருக்கும் என்று நினைத்தான். மங்கின போட்டோவில் நிழலையும் ஓட்டையையும் கம்ப்யூட்டருக்குப் பிரிக்கத் தெரியாது. கோட்டின் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து வாயை மூடினான். இந்தப் படத்தை வைத்துத்தான் லேசர் மெஷின் கருங்கல்லில் முகத்தைப் பொறிக்கும். நாளைக்கு முதலாண்டுப் பூசை முடிந்ததும் கல்லறையில் அதைப் பதிக்க வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் பெர்சியின் மனைவி ஜாஸ்லின் உட்கார்ந்திருந்தாள். வீட்டு ஆள் பார்த்துச் சரி சொன்னால்தான் கல்லில் ஏற்றுவார்கள். அது கடை வழக்கம். ஊரில் எத்தனையோ கல்லுக்கடை இருக்க, கடைசி நேரத்தில் கூட இருந்தவர் கையாலேயே முகம் வரட்டும் என்று இங்கே தேடி வந்திருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து பெனிஸ்டனுக்கு அவளை ஏறிட்டுப் பார்க்க முகமில்லை.

கூட இருந்தது உண்மைதான். பெர்சி சங்கு குளிக்கக் கடலுக்கு அடியில் இறங்கியிருக்க, அவனுக்குக் காற்றுப் போகும் குழாயைக் கையில் பிடித்தபடி படகில் காவல் இருக்க வேண்டியவன் பெனிஸ்டன். குழாயைக் கீழே போட்டுவிட்டு, காதில் இயர்போனை மாட்டி செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். காற்றை அனுப்பும் கம்ப்ரசர் நின்றது கேட்கவில்லை. கீழேயிருந்து பெர்சி குழாயை இழுத்ததும் தெரியவில்லை. பெர்சி செத்தது நெஞ்சுவலியால் என்று ஊரை நம்பவைத்தான். அடக்கத்தன்று பெட்டியின் முன்பக்கத்தை அவனுக்கே கொடுத்தார்கள். வெட்கங்கெட்டு அவனும் தூக்கினான். அதன்பின் கடலுக்குப் போகவில்லை. எப்போதோ படித்த கம்ப்யூட்டரை நம்பி இந்தக் கடையில் சேர்ந்துவிட்டான்.

திரையைப் பார்த்தான். வாய் திறந்திருந்தது. இப்போது ஒரு விரல் நுழையும் அளவுக்கு.

அழித்துவிட்டு முதலிலிருந்து வரைந்தான். ஏசி ஓடியும் கழுத்தில் வேர்த்தது. ரோட்டில் உப்பு லாரிகள் போகும் இரைச்சலுக்கும் பின்கட்டில் கல் அறுக்கிற சத்தத்துக்கும் அடியில் வேறொன்று கேட்டது. டீசல் தீரப்போகிற எஞ்சின் மாதிரி, விட்டு விட்டு, இழுத்து இழுத்து. கம்ப்யூட்டர் ஃபேன்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கல்தூசி வாசனை போய், உப்பில் ஊறின ரப்பர் வாசனை அறையில் நிறைந்தது.

மூடினான். திறந்தது. மறுபடி மூடினான். இன்னும் பெரிதாகத் திறந்தது.

மவுசிலிருந்து கையை எடுத்தான். புள்ளிகள் தானாக நகர்ந்தன. மேலுதடு. கீழுதடு. சேர்ந்தன. பிரிந்தன.

"தங்கச்சி, நீ வீட்டுக்குப் போ. சாயங்காலம் போன்ல அனுப்புதேன்" என்றான்.

ஜாஸ்லின் எழுந்திருக்கவில்லை. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"இருங்கண்ணே. அவிய என்னமோ சொல்லுதாவ."

முடியை ஒதுக்கிவிட்டுக் காதைத் திரையோடு வைத்தாள். பெனிஸ்டனுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன. எழுந்து ஓட நினைத்தான். பிறகு குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். திரை அணையவில்லை.

"ம்" என்றாள் ஜாஸ்லின்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ம்."

கடலிலிருந்து வந்த புருஷன் சாப்பிட்டபடி நடந்ததைச் சொல்லும்போது கேட்பதுபோல, அவசரப்படாமல், ஒவ்வொன்றாகக் கேட்டு 'ம்' கொட்டினாள். காதை எடுக்கவில்லை. கண்கள் மட்டும் மெல்லத் திரும்பி, பெனிஸ்டன் மேல் வந்து நின்றன.

"ம்."